நாலடி உயரத்தில் ஒரு பாஸ்கா திரி

என் தங்கை ஞானதீபம் பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஃபோர்மேன் அழகுராஜா பதிவேட்டில் அவள் பெயரை எழுதப் போய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“தீபமா? ஏம்மா, கேட்லயே தீப்பெட்டியப் பிடுங்கி வச்சிருதோம். நீ பேர்லயே கொண்டாந்திருக்கியே.”

அன்றிலிருந்து கம்பெனிக்குள் அவள் வெறும் ஞானம். கேட்டுக்கு வெளியே வந்தால்தான் முழுப் பெயர். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

அவளுக்குத் திரி வெட்டுகிற வேலை. வெடியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்குமே, பற்ற வைக்கிற இடம், அதுதான் திரி. மற்றவர்கள் அளவுக்குச்சி வைத்து வெட்டுவார்கள். இவள் கண்ணால் அளந்து வெட்டுவாள். நம்பாமல் ஒருநாள் வீட்டில் அவளை நூல் வெட்டச் சொல்லி, இருபது துண்டையும் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் சிவகாசியில் காலண்டர் பைண்டிங்கில் முப்பது வருடமாக இருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் என் மேசையிலிருந்து கோணலாக ஒரு காலண்டர் வெளியே போனதில்லை. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், என் தங்கை கண் ஸ்கேலைவிடச் சுத்தம்.

ஆனால் அவள் அடுப்புப் பற்ற வைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். கையை முழுசாக நீட்டுவாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். பற்றியதும் இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றுகொண்டு, “எரியுதாக்கா?” என்று என்னைக் கேட்பாள். மதுரையில் நர்சிங் படிக்கிற அவள் மகள் ஜெபிஷா லீவுக்கு வந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். “அம்மா, அது கேஸ் அடுப்பு. ராக்கெட் இல்ல.” கேரளாவில் டைல்ஸ் வேலை பார்க்கிற அவள் வீட்டுக்காரர், இந்தக் கூத்தைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சிரிப்பார். தீபாவளி அன்று இவள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவாள். லட்சக்கணக்கில் திரி வெட்டியவள், தான் வெட்டிய ஒன்று எரிந்து கண்ணால் பார்த்ததில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் ஒரு கிளைக்கோயில். அறுபது குடும்பம். பங்குச்சாமியார் மாதத்தில் இரண்டு முறை பைக்கில் வந்து பூசை வைப்பார். அந்தக் கோயிலில் எது தொங்கினாலும் அது ஞானதீபம் வீட்டு முன்னறையில் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டுச் செய்ததாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் ஸ்டார், குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலைப் பூ, மே மாதச் சப்பரத்துக்குக் காகித ரோஜா. காகிதம் என் பொறுப்பு. அச்சகத்தில் வெட்டிக் கழித்த துண்டுகளை ரகம் பிரித்து, அடுக்கி, மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுப்பேன். ஒரே ஒரு தடவை தவறு நடந்தது. கிறிஸ்துமஸ் குடிலில் நின்ற சம்மனசுக்கு, அதுதான் தேவதூதருக்கு, இறக்கை செய்ய வெடி லேபிள் தாளைத் திருப்பி ஒட்டியிருந்தாள். பின்னால் பல்பு போட்டதும் இடது இறக்கையில் ‘கையில் பிடித்து வெடிக்காதீர்’ என்று எழுத்து தெரிந்தது. சாமியார் அதைப் பார்த்துவிட்டு, மார்கழிக் குளிரில் பிரசங்கத்தைப் பாதியில் விட்டுச் சிரித்தார்.

போன வருடம் உயிர்ப்பு விழா முடிந்ததும் கோயிலின் பாஸ்கா திரி உடைந்துபோனது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின சாயங்காலம் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, கோயிலுக்கு வெளியே புதிதாக நெருப்பு மூட்டி, சாமியார் அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியைப் பற்ற வைப்பார். அதுதான் பாஸ்கா திரி. அதிலிருந்து ஒருவர் கைத்திரிக்கு மற்றவர் கைத்திரி என்று கோயில் முழுக்க வெளிச்சம் போகும். ஞானஸ்நானத்துக்கும் அதைத்தான் ஏற்றுவார்கள். செத்தவர் தலைமாட்டிலும் அதுதான் நிற்கும். பெரிய ஊர்களில் முழு மெழுகில் வாங்குவார்கள். எங்கள் கோயிலில் இருந்தது வெள்ளை பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பைப். தலையில் மட்டும் ஒரு சின்ன மெழுகுதிரி. அந்தப் பைப்தான் நெடுக விரிந்துவிட்டது.

உபதேசியார் ராஜசிங், மதுரையில் புதிதாக ஆர்டர் கொடுக்கலாம் என்றார். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

“எதுக்கு உபதேசியாரே? நான் செஞ்சு தாரேன்” என்றாள் ஞானதீபம்.

“காகிதத்துலயா? ஏம்மா, ஸ்டார்னா ஒரு வாரம் தொங்கும், எடுத்துப் போட்டுருவோம். இது வருசம் பூரா பீடத்துக்குப் பக்கத்துல நிக்கும். கோணலா நின்னுச்சுன்னா வருசம் பூரா நான்ல பதில் சொல்லணும்?”

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை ஐந்து மணிக்கு உபதேசியார் வந்து பார்ப்பார். சரியில்லையென்றால் பழைய பைப்புக்கே டேப் சுற்றி நிறுத்திவிடுவார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஞானதீபம் என்னிடம் சொன்னாள். “நான் செஞ்ச திரி ஒண்ணாவது எரியிறத நின்னு பாக்கணும்க்கா. ஓடாம.”

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க வேலை நடந்தது. விரிந்த பைப்பையே அச்சாக வைத்து, கம்பெனியில் வெடிக்குழாய் சுற்றுகிற மாதிரி பழுப்புத் தாளை இறுக்கி நாற்பது சுற்று சுற்றினாள். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து கொடுத்தது நான். நாலு நாள் நிழலில் காய வைத்து பைப்பை உருவியபோது, தட்டினால் மரம் மாதிரிச் சத்தம் வந்தது. உயரம் நாலடி. சுற்றளவு பதினொன்றேகால் அங்குலம். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றும் ஒன்றுதான். அதன் மேல் வெள்ளைத் தாள். காலண்டரில் சாமி படத்துக்கு ஒட்டுகிற தங்க ஃபாயிலில் சிலுவை. முதலும் முடிவுமாகச் சிலுவைக்கு மேலே அ, கீழே ரெண்டு சுழி ன, நாலு மூலையிலும் வருடத்தின் நாலு எண். எழுத்து வெட்டியது நான். உச்சியில் ஒரு தகர டப்பாவை இறக்கி, கோயிலில் எரிந்து மிச்சமான மெழுகை உருக்கி மூன்று அங்குலத்துக்கு ஊற்றினாள். நடுவில் எட்டு இழை பருத்தி நூலைத் தானே முறுக்கி வைத்தாள். உருக்குகிறபோது மட்டும் நான் அடுப்பருகே நிற்க, அவள் வாசலில் நின்று உத்தரவு போட்டாள்.

பாஸ்கா திரியில் சாமியார் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். இயேசுவின் ஐந்து காயங்கள். அதற்காகச் சிலுவையில் ஐந்து துளை போட்டு, சாம்பிராணிப் பொடியையும் கரித்தூளையும் பிசைந்து நெல்லிக்காய் அளவில் ஐந்து உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

வியாழக்கிழமை கம்பெனியில் அழகுராஜாவிடம் லீவு கேட்டிருக்கிறாள். “அண்ணே, சனிக்கிழமை வரமாட்டேன். வீட்ல திரி வேலை கிடக்கு.”

“மெல்லப் பேசு தாயி! வீட்ல திரி செஞ்சா உள்ள தூக்கி வச்சிருவாக” என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அது கேலி என்று அங்கே கூட நின்றவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் கம்பெனி வேனில் வரும்போது ஜெபிஷா போன் செய்தாள். வேன் இரைச்சலில் இவள் கத்திப் பேசினாள். “ஆமாடி, வீட்லதான். திரி நல்லா முறுக்கிட்டேன். அஞ்சு உருண்டையும் பிடிச்சாச்சு. சனிக்கிழமை ஏழு மணிக்குக் கோயில்ல கொளுத்துறோம். நீ வந்துரு, கிட்ட நின்னு பாக்கலாம்.” வேனில் எங்கள் கோயில் விஷயம் தெரியாத தாயில்பட்டிக்காரர்களும் இருந்தார்கள். யார் தகவல் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். வீட்டில் வைத்துக் கள்ளத்தனமாகத் திரி செய்த இடங்களில் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேள்விப்பட்டதைச் சொன்னவர் நல்லதைத்தான் செய்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் காளீஸ்வரன், இரண்டு போலீஸ்காரர்கள், எங்கள் வி.ஏ.ஓ. பாண்டிச்செல்வம். வி.ஏ.ஓ. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“ஞானதீபம் யாரு?”

“நான்தான் சார்.”

“வீட்ல திரி செய்யிறதாத் தகவல் வந்திருக்கு.”

“ஆமா சார்” என்றாள் சந்தோஷமாக. “முடிஞ்சிருச்சு. உள்ளதான் இருக்கு. பாக்கீகளா?”

சப்-இன்ஸ்பெக்டர் இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. “எம்புட்டு இருக்கு?”

“ஒண்ணுதான் சார்.”

“ஒரு கட்டா?”

“ஒரு திரி சார். நாலடி.”

முன்னறையில் வெள்ளை வேட்டி போர்த்தி நின்றதை அவள் விலக்கினாள். போலீஸ்காரர்களில் ஒருவர், “ஆத்தாடி!” என்று சொல்லிக்கொண்டே வாசல்வரை போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இறுக்கிச் சுற்றிய குழாய், உச்சியில் முறுக்கிய நூல், பளபளக்கிற தாள். இந்த ஊரில் பிறந்த யார் கண்ணுக்கும் அது வேறு எதுவாகவும் தெரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் தட்டைக் காட்டினார். “இது என்ன மருந்து?”

“மருந்தில்ல சார். சாம்பிராணி.”

“எதுக்கு அஞ்சு?”

“அஞ்சு காயம் சார்.”

“யாருக்குக் காயம்?”

“இயேசுவுக்கு சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “எங்க வச்சுக் கொளுத்துறதா இருந்தீங்க?”

“கோயிலுக்கு வெளிய. அப்புறம் உள்ள கொண்டு போயிருவோம்.”

“எரியிறப்பவா?”

“எரியிறப்பத்தான் சார். லைட்ட எல்லாம் அணைச்சிட்டு.”

“உள்ள எத்தனை பேர் இருப்பாங்க?”

“பாஸ்காவுக்கு எல்லாரும் வருவாக. இருநூறு பேருக்குக் குறையாது.”

“கொளுத்தப் போறது யாரு?”

“சாமி.”

“எந்தச் சாமி?”

“எங்க சாமிதான் சார். பைக்ல வருவாக.”

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். இனியும் பொறுக்கக் கூடாது என்று நான் நடுவில் புகுந்தேன். “சார், இது மெழுகுதிரி. கோயிலுக்குச் செஞ்ச மெழுகுதிரி. அம்புட்டுத்தான்.”

அவர் முகம் தெளிந்தது. “மெழுகுதானா? முதல்லயே சொல்லக் கூடாதா?”

“மெழுகு மேல மூணு அங்குலம்தான் சார்” என்றாள் என் தங்கை. “கீழ பூராம் காகிதம்.”

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன்.

“எதுக்குக்கா கிள்ளுத? பெரிய சனிக்கிழமையும் அதுவுமாப் பொய் சொல்லச் சொல்லுதியா?”

மரத்துக்குப் பின்னாலிருந்த வி.ஏ.ஓ. ஜன்னலுக்கு வந்து மூக்கை நுழைத்தார். “சார், சாம்பிராணி வாசந்தான் அடிக்குது.”

“வாசனைய ரிப்போர்ட்ல எழுத முடியாது பாண்டிச்செல்வம்.” சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். “சரி. வெளிய கொண்டு போய்க் கொளுத்திப் பாத்துரலாம். எரிஞ்சா மெழுகு. வெடிச்சா கேஸ்.”

என் தங்கை திரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “கொளுத்தக் கூடாது!”

“ஏன்?”

“புது நெருப்புலதான் கொளுத்தணும். சாமி கையாலதான் கொளுத்தணும். ஏழு மணிக்கு முன்னாடி கொளுத்திட்டா அப்புறம் அது பாஸ்கா திரியே இல்ல.”

“அப்ப மேல் பக்கத்துல மூணு அங்குலம் அறுத்து லேபுக்கு அனுப்புறேன். பத்து நாள்ல ரிசல்ட் வரும்.”

அதைக் கேட்டு அவள் கை தானாக இறங்கியது. தரையில் உட்கார்ந்து, திரியின் அடியில் லேசாகப் பிரிந்திருந்த தாளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். சாமியாருக்குப் போன் போட்டேன். பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம், அதாவது சனங்களின் பாவ அறிக்கை, கேட்டுக்கொண்டிருந்தார் போல. போன் அணைந்திருந்தது.

சரியாக ஐந்து மணிக்கு உபதேசியார் ராஜசிங் மொபெட்டில் வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் காலை ஊன்றினார்.

“இந்தத் திரியப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?” என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“திரியா? எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

“கோயில்ல கொளுத்தப் போறதாச் சொல்றாங்க.”

“இந்தம்மா யாருன்னே எனக்குச் சரியாத் தெரியாது சார்.”

அவர் மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் நான் ஓடிப்போய் மொபெட்டைப் பிடித்துக்கொண்டேன். “உபதேசியாரே, பெரிய வாரம் இது. எதிர் வீட்ல சேவல் வேற நிக்கிது. யோசிச்சுப் பேசுங்க.”

சேவல் கூவுமுன் மூன்று தடவை இயேசுவைத் தெரியாதென்று சொன்ன சீடர் கதை அவருக்குத் தெரியாததா? அவர் எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்தார். சேவலும் அவரைப் பார்த்தது. மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இறங்கி வந்து, “நான்தான் சார் செய்யச் சொன்னேன்” என்றார். பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று, பையிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்து, நூலைத் திரியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார். நூலுக்கும் திரிக்கும் நடுவே தலைமுடி நுழைய இடமில்லை.

“வெடி செய்யிறவன் இம்புட்டு நேரா நிறுத்தணும்னு கவலைப்படுவானா சார்?” என்றார் உபதேசியார்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு அது பட்டிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தார். “அறுக்கல. ஆனா இது இப்ப என் பொறுப்புல இருக்கு. நானே கொண்டு வர்றேன். திறந்த வெளியில கொளுத்தணும். மணல் வாளி, தண்ணி வாளி இருக்கணும். நூறடிக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது.”

“சாமி நிக்கணுமே சார்?”

“சாமி மட்டும்.”

ஜீப்பில் முன்சீட்டில் சப்-இன்ஸ்பெக்டர் திரியைக் குழந்தை மாதிரி மடியில் படுக்க வைத்துக்கொண்டார். பின்சீட்டிலிருந்து ஞானதீபம், “பள்ளம் பாத்து சார், ஃபாயில் உரியும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொல்லத் தேவையே இல்லை. டிரைவர் பயத்தில் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். எங்களுக்குப் பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் முந்திப் போக வழி கேட்டுச் சத்தம் போட்டார்.

சாமியார் வந்து பைக்கை நிறுத்தியபோது கோயில் முற்றத்தில் விறகு மட்டும் தனியாகக் கிடந்தது. சனமெல்லாம் நூறடி தள்ளிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம். “எதுக்கு எல்லாரும் அங்கன நிக்கிறீக?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சம்மனசு இறக்கைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார். பிறகு தோளில் பூசை வஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடங்கினார். ஞானதீபம் திரியைப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், நூறடிச் சட்டத்தில் அவளுக்கும் விலக்குக் கிடைத்தது.

நெருப்பு மூட்டி ஜெபம் சொல்லி மந்திரித்தார். திரியில் சிலுவையையும் எழுத்துகளையும் விரலால் வரைந்தார். ஐந்து மணிகளையும் துளைகளில் அழுத்தினார். ஒவ்வொன்றும் பிசகாமல் பொருந்தியது. ஒரு குச்சியில் புது நெருப்பை எடுத்துத் திரியின் தலைக்குக் கொண்டுபோனார்.

நூலில் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. ‘சுர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருநூறு பேரும் சொல்லி வைத்த மாதிரி இரண்டு எட்டு பின்னால் போனார்கள். நானும் போனேன். உபதேசியார் நாலு எட்டு போனார். சப்-இன்ஸ்பெக்டர் மணல் வாளியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

ஞானதீபம் அசையவில்லை. நாலடி உயரத் திரியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, அதன் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னல் பக்கம், மரத்துப் பக்கம், எந்தப் பக்கமும் இல்லை. சத்தம் அடங்கி, சுடர் ஒரு விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. அந்த வெளிச்சத்தில் அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கயிறு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. சனம் உள்ளே வந்து, ஆளுக்கொரு கைத்திரியை நீட்டி, ஒருவரிடமிருந்து ஒருவர் பற்ற வைத்துக்கொண்டது. யாரோ சப்-இன்ஸ்பெக்டர் கையிலும் ஒன்றைக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். அவர் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் திரியுமாகக் கோயில் வாசலில் நின்றார்.

“வாளியக் கீழ வைங்க சார், மெழுகு சட்டையில சொட்டுது” என்றாள் ஜெபிஷா. மதுரையிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

பூசை முடிந்ததும் ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. வி.ஏ.ஓ. விரலெல்லாம் மெழுகு. சப்-இன்ஸ்பெக்டர், “யாராவது கையெழுத்து நல்லா உள்ளவங்க எழுதுங்க, நான் சொல்றேன்” என்றார். நான் எழுதினேன். கோடு போடாத தாள்தான், ஆனாலும் வரி வளையவில்லை.

‘கைப்பற்றிய பொருள்: திரி, ஒன்று, நாலடி. இரவு ஏழு மணி பதினாறு நிமிடத்துக்குப் பங்குச்சாமியார் முன்னிலையில் பற்ற வைக்கப்பட்டது. வெடிக்கவில்லை. எரிந்தது.’

அவ்வளவுதான் என்று அவர் கையை நீட்டினார். நான் தாளைக் கொடுக்காமல் பீடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். ஞானதீபம் திரிக்குப் பக்கத்திலேயே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவரிடம் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

‘ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. இன்னும் எரிகிறது.’